டைலர் தேவை போர்டைக் கழற்றிய வாரம்

திருப்பூருக்குள் எந்தப் பக்கமாக நுழைந்தாலும் "டைலர்கள் தேவை" என்கிற போர்டுதான் முதலில் கண்ணில் படும். கம்பெனி கேட்டில் தொங்கும், கரண்டுக் கம்பத்தில் கட்டியிருக்கும், வேனின் பின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் மெஷின் டைலர்கள் தேவை, செக்கிங் வேலைக்குப் பெண்கள் தேவை, தங்கும் வசதி உண்டு, வேன் வசதி உண்டு. ஆர்டர் குவிந்து கிடக்கிற காலத்தில் தொங்கினால் சரி. பாதி மெஷின்களைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிற காலத்திலும் அதே போர்டு அதே ஆணியில் தொங்குகிறதே, ஏன்? இந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். சரியான பதில்தான். அது தெரிந்திருந்தும் எங்கள் யூனிட் எப்படிப் போயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது எம்.ஏ. பொருளாதாரம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டியூட்டோரியலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். தேவைக்கோடு, அளிப்புக்கோடு என்று போர்டில் கோடு இழுக்க ஆரம்பித்தாலே பின்பெஞ்சு மொத்தமும் கொட்டாவி விடும். கொட்டாவி ஒட்டுவாரொட்டி, எனக்கும் வந்துவிடும். அதனால் கோட்டை அழித்துவிட்டுத் தெருவிலிருந்து கேள்வி கேட்பேன். நல்லூரில் லைன் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், தட்டுமுட்டுச் சாமான் நிறைய வைத்திருக்கிற குடும்பத்துக்கே ஏன் வீடு கொடுக்கிறார்கள்? சாமான் அதிகம் என்றால் ஆணி அடிப்பார்கள், சுவரைக் கீறுவார்கள், வெள்ளையடித்ததெல்லாம் பாழாகும். ஆனாலும் கொடுப்பார்கள். பீரோவும் கட்டிலும் வைத்திருக்கிறவன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போக முடியாது, அதனால்தான். இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும். அப்புறம் அதுகளே கேள்வி கொண்டுவர ஆரம்பித்துவிடும்.

கல்யாணமாகி யூனிட் வைத்திருக்கிற வீட்டுக்கு வந்த பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிற டைலர் திரும்பி வருவாரா, மாட்டாரா? வாயைக் கேட்டால் எல்லோரும் "கண்டிப்பா வந்துருவேன்" என்பார்கள். வாயைக் கேட்கக் கூடாது, மெஷினைப் பார்க்க வேண்டும். டிரிம்மர் என்று ஒன்று உண்டு, நூல் வெட்டுகிற சின்னக் கத்திரி. ஒவ்வொருவரும் சொந்தமாக வைத்திருப்பார்கள். கை பழகிவிட்டால் அடுத்தவருடையதைத் தொட மாட்டார்கள். டிரிம்மரை மெஷின் மேலேயே விட்டுவிட்டுப் போனவர் வருவார், பையில் போட்டுக்கொண்டு போனவர் வர மாட்டார். நான் சொன்னது ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். "நீ பேசாம ஒரு யூடியூப் சேனல் ஆரம்பிச்சரலாம் புள்ள. துணி தெச்சு நான் சம்பாரிக்கறதவிட அதுல சேத்தி வரும்" என்பார்.

போர்டு விஷயத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவரிடம் விளக்கினேன். அந்தப் போர்டு டைலர்களுக்காக இல்லை என்றேன். அதைப் படிக்க வேண்டியவர்கள் நமக்கு வேலை கொடுக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள், பக்கத்து யூனிட்காரர்கள், ஏற்கெனவே நம்மிடம் உள்ளே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பவர்கள். ஆள் தேவை என்றால் வேலை இருக்கிறது, வேலை இருக்கிறது என்றால் கம்பெனி நன்றாக நடக்கிறது. இப்படி எல்லோரும் தொங்கவிட்டதனால் தொங்குகிற போர்டை இப்போது யாரும் பெரிதாக நம்புவதில்லை. ஆனால் ஒருத்தர் மட்டும் கழற்றினால் ஊரே நின்று பார்க்கும்.

"அப்ப அது பொய்யின்னு சொல்றயா?" என்றார்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச பொய்யிங்க. அதனால தோசமில்லை."

அவர் மோரை ஊற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் அப்படி யோசித்தால் எனக்கு எப்போதுமே ஒரு பயம். எங்கள் வீட்டுக்காரர் தொழிலுக்கு ஆகாத அளவுக்கு நல்லவர். அதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

எங்களுடையது சின்ன யூனிட். நல்லூரில் வீட்டுக்குப் பின்னாலேயே ஷெட். பெரிய கம்பெனி துணியை வெட்டிக் கட்டுக்கட்டாக அனுப்பும், நாங்கள் தைத்து, தேய்த்துத் திருப்பி அனுப்புவோம். ஒரு காலத்தில் மூன்று நான்கு கம்பெனிகளுக்குத் தைத்தோம். கடலுக்கு அந்தப் பக்கம் வரியை ஏற்றினார்கள் என்றார்கள், ஆர்டர் குறைந்தது என்றார்கள், ஒவ்வொரு கம்பெனியாகக் கை விட்டது. கடைசியில் ஒரே ஒரு கம்பெனி மிச்சம். அவர்கள் கொடுத்த குழந்தை பனியன் லாட் ஒன்றுதான் ஷெட்டில் இருந்தது. அதைச் சொன்ன தேதிக்குள் முடித்துக் கொடுத்தால் அடுத்த லாட்டும் எங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். முடிக்க முடியாவிட்டால் அந்தக் கம்பெனியும் போய்விடும், யூனிட்டை மூட வேண்டியதுதான். புதிதாக ஒருவரைச் சேர்க்கவும் வழியில்லை, இருக்கிறவர்களில் ஒருவர் போனாலும் லாட் முடியாது. நிலைமை அப்படி இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள். நல்ல மத்தியானம். புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் ஒரு குழந்தை, இரண்டு கட்டைப்பை, வாயைக் கட்டிய ஒரு சாக்கு. சங்கரன்கோவில் பக்கமாம். சொந்தக்காரர் ஒருத்தர் எங்கள் கேட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்து, இருந்த வேலையை விட்டுவிட்டு, ராத்திரி பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் வேலை இல்லை என்று சொன்னார்.

அந்தப் பெண் கோபப்படக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். "வேலை இல்லன்னா பின்ன எதுக்குண்ணே போர்டைத் தொங்கப் போட்டிருக்கீய?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னிடம் பதில் இருந்தது. அந்த மத்தியான வெயிலில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட வைத்து, தெரிந்த இரண்டு கம்பெனிகளுக்குப் போன் போட்டுப் பார்த்தோம். அங்கேயும் போர்டுதான் இருந்தது, வேலை இல்லை. சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினோம். எல்லாருக்கும் தெரிந்த பொய் என்றேன் அல்லவா, இவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அவர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு கேட்டுப் பக்கம் போனார். நான் கையில் இருந்த கரண்டியோடு வெளியே ஓடினேன்.

"ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்குதுங்களா? இந்த லாட்டு முடியற வரைக்குமாவது சும்மா இருங்க."

"என்னால ஆகல புள்ள. இன்னொருக்கா ஒருத்தர் அப்படி வந்து நின்னா என்னால மூஞ்சி குடுத்துப் பேச முடியாது."

"நீங்க ஒருத்தர் கழட்டுனா ஊரே யோக்கியமாயிருமாக்கும்?"

"ஊரு எப்படியோ போகட்டும். இது நம்ம கேட்டு" என்றார். கம்பியை வெட்டி, போர்டை இறக்கி, ஷெட்டுக்குள் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பல் விளக்கப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கரண்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

முதலில் கேட்டது டீக்கடைக்காரர். பத்து மணி டீ கொண்டுவந்தவர், தூக்கை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே, "ஏனுங்கண்ணா, யூனிட்ட வேற ஆருக்காச்சும் குடுத்துட்டீங்களாமா?" என்றார். இல்லையென்று சொன்னோம். "இல்லீங்க, போர்டக் காணம், அதான் கேட்டனுங்க" என்றார் மரியாதையாக. மத்தியானம் எங்கள் ஆட்களை ஏற்றிவருகிற வேனின் டிரைவர் வந்து, அடுத்த மாசமும் வண்டி ஓட்ட வேண்டுமா என்று பட்டும் படாமலும் விசாரித்தார். சாயங்காலத்துக்குள் எங்கள் வெறும் கேட்டின் போட்டோ டைலர்கள் குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அதே கேட், அதே வாட்ஸாப். போர்டு இருந்தபோது எடுத்த போட்டோ ஒரு குடும்பத்தை இங்கே கொண்டுவந்தது. போர்டு இல்லாத போட்டோ எத்தனை பேரைக் கிளப்பப் போகிறதோ.

சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிய பிறகு ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தேன். லைட்டைப் போட்டதும் பார்த்தது மெஷின்களின் மேல்பக்கத்தைத்தான். டிரிம்மர்கள் பாதிக்கு மேல் காணோம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மறந்து எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றார். அத்தனை பேரும் ஒரே நாளில் மறந்தார்களா என்று கேட்டேன்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், எங்களிடம் வேலை இருந்தது. தைக்க வேண்டிய கட்டுகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எல்லோரும் அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தால் லாட் முடியும், அடுத்த லாட் வரும், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக என்ன நினைப்பார்கள்? நான் வந்து, மற்றவர்கள் வராவிட்டால் லாட் முடியாது. லாட் முடியாவிட்டால் யூனிட் மூடும். அப்போது நான் வேறு கம்பெனி தேடிப் போனால் முன்னால் போனவர்கள் இடத்தை எல்லாம் பிடித்திருப்பார்கள். இந்தக் காலத்தில் இருக்கிற இடமே கொஞ்சம். அதனால் போவதானால் முதலில் போக வேண்டும். இது கணக்குச் சரியான யோசனை. நான் அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் யோசித்திருப்பேன். எல்லோரும் சரியாக யோசித்து, எல்லோருமாகச் சேர்ந்து கிணற்றில் குதிக்கிற யோசனை.

டியூட்டோரியலில் பேங்க் பற்றி இப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன். பேங்க் நன்றாகத்தான் இருக்கும். ஆடப் போகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லோரும் வரிசையில் போய் நின்று பணத்தை எடுத்தால், நன்றாக இருந்த பேங்கும் ஆடிவிடும். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

எங்களிடம் கிளம்பாமல் இருந்தது அயன் டேபிளில் வேலை செய்த இரண்டு பீகார்க்காரர்கள் மட்டும்தான். அவர்கள் ஷெட்டை ஒட்டிய ரூமிலேயே தங்கியிருந்தார்கள். விசுவாசம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். விஷயம் அதுவல்ல. வதந்தி முழுக்கத் தமிழில் ஓடியது, அவர்கள் காதுக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நானே போர்டைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கட்டினேன். வீட்டுக்காரர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. பொருளாதாரம் படித்தவள் செய்த காரியத்தைப் பாருங்கள். கட்டி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு திரும்புகிறேன், பால் வாங்கிக்கொண்டு வந்த பக்கத்து யூனிட் அம்மா நின்று பார்த்துவிட்டு, "ஆளுகெல்லாம் போயிட்டாங்களாமா கண்ணு? மறுக்கா போர்டு கட்டீருக்கற" என்றார். இரக்கப்பட்டுத்தான் கேட்டார். இத்தனை நாளாகத் தொங்கிய போர்டு வேறு, இறக்கி ஏற்றிய போர்டு வேறு. அதைக் கழற்றவும் எனக்குக் கை வரவில்லை. கழற்றினால் இன்னும் என்னென்ன சொல்வார்களோ.

மத்தியானம் திருமுருகன்பூண்டிக்குப் போனேன். எங்கள் டைலர்கள் எல்லோரும் அங்கேதான் லைன் வீடுகளில் இருந்தார்கள். நேராக எங்கள் ஓவர்லாக் டைலர் வீட்டுக்குப் போனேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். எங்களிடம் ரொம்ப வருஷமாக இருக்கிறவள், கை வேகம், வாயும் வேகம். மற்றவர்கள் எது செய்வதற்கு முன்னாலும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவள் நின்றால் எல்லோரும் நிற்பார்கள் என்பது என் கணக்கு. அப்போதுதான் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். நல்ல சேலையை மாற்றாமலே அடுப்பில் குழம்பு கொதிக்க விட்டிருந்தாள்.

"வாங்கக்கா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"நாளைக்கு வருவீல்ல?" என்றேன்.

அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "ஒங்க மேலயும் அண்ணன் மேலயும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லக்கா. எல்லாரும் வந்தா நானும் வருவேன்."

"எல்லாரும் உன்னத்தாம்மா பாக்கறாங்க. நீ வந்தா எல்லாரும் வருவாங்க."

"இப்படித்தான் எல்லார்ட்டயும் சொல்லுவீய" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, எனக்கு முகம் மாறியதைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு ரெண்டு புள்ளைய இருக்குக்கா. அவரு வேல போயி வீட்டுலதான் கெடக்காரு. நான் ஒருத்தி கடைசியா நின்னு, அப்புறம் எங்கயும் எடம் இல்லன்னா, நான் யாரு கிட்ட போயி கேக்க? ஒங்ககிட்ட கேக்கவா? ஒங்ககிட்டயே இருக்காதே."

அவள் சொன்னது சரி. எனக்குக் கோபம் வந்தது, அவள் சொன்னது சரியாக இருந்ததனால்தான் இன்னும் அதிகமாக வந்தது. அங்கிருந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில்கூட வரமாட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், எல்லாரும் வந்தா நானும் வருவேன். அத்தனை பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சரி என்று சொல்லவைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யாரைக் கூட்ட முடியும்? ஒருத்தி சந்தைக்குப் போயிருந்தாள், ஒருத்தர் அவினாசியில் கல்யாணத்துக்குப் போயிருந்தார், ஒருத்தர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். வாரம் முழுக்க மெஷின் மிதித்த கால், அது கொஞ்சம் படுக்கட்டுமே என்று எழுப்பாமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வேனில் நானும் போனேன். பூண்டியில் சிலை செதுக்குகிற பட்டறைகளுக்கு எதிரே எங்கள் வேன் நிற்கிற இடம். உளிச்சத்தம் அப்போதே ஆரம்பித்திருந்தது. ரோட்டோரம் முகம் இன்னும் வராத அம்மன் சிலை ஒன்று படுத்திருந்தது, அதன் மேல் இரண்டு பேர் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நிஜமாகவே எல்லோரும். ஒருத்தர்கூடக் குறையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

டிரைவர் வேனை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டார். யாரும் ஏறவில்லை.

பத்தடி தள்ளி இன்னொரு வேன் நின்றது. அவினாசி ரோட்டில் இருக்கிற பெரிய கம்பெனி வேன், பின் கண்ணாடியில் டைலர்கள் தேவை என்று ஒட்டியிருந்தது. அதன் கதவும் திறந்திருந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு வேனுக்கும் நடுவில் நின்றார்கள். ஒருத்தர் செருப்பைக் கழற்றித் தட்டி மறுபடி போட்டார். ஒருத்தி பையைத் திறந்து டிபன்பாக்ஸ் இருக்கிறதா என்று பார்த்தாள். எல்லோரும் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டு, ஓரக்கண்ணால் ஓவர்லாக் டைலரைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். நான் வேனை விட்டு இறங்கி, "ஏறுங்க சாமி, நேரமாச்சு" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது. அதைக் கேட்ட யாராவது ஏறுவார்களா?

அவள் எங்கள் வேன் பக்கம் ஒரு எட்டு எடுத்து வைத்தாள். அதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அதற்குள் பெரிய வேனின் டிரைவர் ஹாரன் அடித்தார். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்ற பெண், பயந்தாளோ என்னவோ, சட்டென்று ஏறிவிட்டாள். அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் ஒருத்தர், அவருக்குப் பின்னால் நாலு பேர், அப்புறம் முண்டியடித்துக்கொண்டு எல்லோரும். ஓவர்லாக் டைலர் கடைசியாக நின்றாள். "கோவிச்சுக்கிடாதீயக்கா" என்று சொல்லிவிட்டு அவளும் ஓடிப்போய் ஏறினாள். கதவு சாத்த முடியாமல் அந்த வேன் கிளம்பியது.

எங்கள் டிரைவர் முன்சீட்டில் கிடந்த துண்டை எடுத்துப் பின்னால் போட்டார். பிறகு, "முன்னாடியே உக்காந்துக்குங்கக்கா, பொறத்தால காத்தடிக்கும்" என்றார்.

வீட்டுக்காரர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். வேன் கண்ணாடி வழியாகவே அவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போனார், பேனைப் போட்டார், ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்தார். அந்தக் காலத்தில் அவரும் டைலராக இருந்து வந்தவர்தான். நான் சிங்கர் மெஷினில் உட்கார்ந்தேன். எனக்கு நேர் தையல் மட்டும்தான் வரும். ஊரே சேர்ந்து தைக்க வேண்டிய லாட்டை நாங்கள் இரண்டு பேரும் தைத்தோம். தைத்து முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நிறுத்தினால் பேச வேண்டியிருக்கும் என்பதால் நிறுத்தவில்லை. அயன் டேபிள்காரர் ஒருத்தர் வந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, பீஸ் கஹாங்?" என்று கேட்டார், தேய்க்கத் துணி எங்கே என்று. வீட்டுக்காரர் தைத்து முடித்த பனியன்களை எடுத்து, சின்னக் குழந்தையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார்.

மத்தியானத்துக்குமேல் கம்பெனியிலிருந்து டெம்போ வந்தது. செய்தி அவர்களுக்கும் போயிருந்தது. கூட வந்த சூப்பர்வைசர் நல்ல மனுஷன், எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டவர். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. தேதி தப்பிடுச்சுன்னா எங்களை வெளிநாட்டுக்காரன் விடமாட்டானுங்க. வேற எடத்துல குடுத்து முடிக்கச் சொல்லீட்டாங்க" என்றார். வீட்டுக்காரர் சரி என்று சொல்லிக் கட்டுகளைத் தூக்கிக் கொடுத்தார். வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல் தானே சுமந்து டெம்போவில் அடுக்கினார். ஷெட்டில் கட்டுகள் இருந்த இடத்தில் துணித்தூசி சதுரமாகத் தெரிந்தது. நான் விளக்கமாற்றை எடுத்துக் கூட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

யாரைத் திட்டுவது என்று தேடிப் பார்த்தேன். எனக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஹாரன் அடித்த டிரைவரையா? அவருக்கு நேரம் ஆகியிருந்தது. முதலில் ஏறியவளையா? அவள் பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது, வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. போர்டைக் கழற்றிய மனுஷனைத் திட்டலாம் என்றால், அவர் ஷெட்டில் உட்கார்ந்து மெஷின் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு ஓடப்போகிற மெஷினுக்கு விடுவது போல. அதைப் பார்த்த பிறகு என்ன திட்டுவது.

அதற்குப் பிறகு ஒரு நாள் வெறுமனே போனது. புதன்கிழமை காலையில், வழக்கமாக வேன் வருகிற நேரத்துக்கு, கேட்டுப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் எல்லோரும் நிற்கிறார்கள். ஓவர்லாக் டைலர் முன்னால் நின்றாள். பூண்டியிலிருந்து டவுன் பஸ் ஏறி, பழைய பஸ் ஸ்டாண்டில் மாறி, கைக்காசு போட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பெரிய கம்பெனியில் அத்தனை பேருக்கு வேலை இருக்கவில்லை. வந்தவர்களை இரண்டு நாள் உட்காரவைத்து மிச்சமிருந்ததைத் தைக்கச் சொல்லிவிட்டு, இனிமேல் சொன்னால் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வேன் விட்டதும், நாங்கள் போர்டு தொங்கவிட்டது போல, நாலு பேர் பார்க்கத்தானாம்.

"நேத்து ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசிட்டோம்க்கா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "இனி யாரு என்ன சொன்னாலும் நம்ம கம்பெனிய விட்டு யாரும் போறதில்லன்னு முடிவு பண்ணியாச்சு. ராத்திரிகூட இருந்து லாட்டை முடிச்சுக் குடுத்துருவோம். அண்ணன்ட்ட சொல்லுங்க. அண்ணன் கவலப்படாண்டாம்."

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். சிலர் கையில் டிரிம்மரை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வீடு வீடாக ஏறிக் கேட்டது இதைத்தான், இந்த ஒரு வார்த்தையைத்தான். நான் அவளைத் தள்ளிவிட்டுக் கத்த நினைத்தேன், கட்டிக்கொண்டு அழவும் நினைத்தேன், இரண்டும் செய்யாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அவர்கள் அவரைத் தாண்டி ஷெட்டுக்குள் பார்த்தார்கள். கட்டுகள் இருந்த இடம் காலியாகக் கிடப்பது அங்கிருந்தே தெரியும். முன்னால் நின்றவர்கள் பார்த்துவிட்டுப் பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டார்கள், அவர்களும் பார்த்தார்கள். ஓவர்லாக் டைலர் என் பக்கம் திரும்பி, "எப்பக்கா?" என்றாள். திங்கக்கிழமை என்றேன்.

"பஸ்ஸுல வந்தது களைப்பா இருக்கும், உள்ள வாங்க சாமி" என்றார் வீட்டுக்காரர். டீக்கடைக்குப் போன் போட்டு எல்லோருக்கும் சேர்த்து டீ சொன்னார். டீ வந்தது. வழக்கமாக அவரவர் மெஷினில் உட்கார்ந்துதான் குடிப்பார்கள். அன்று யாரும் உட்காரவில்லை, சுவரோரம் வரிசையாக நின்று குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.